லெரின் கண்ணில் பட்டது பட்டாசு இல்லை

லெரின் செத்துப்போனான்.

நேற்று மத்தியானம். முத்தையாபுரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் சரிபார்த்துக்கொண்டு நின்றவன்மேல், ரிவர்ஸ் வந்த டிரெய்லர் ஏறிவிட்டது...

காலையிலிருந்து முகநூலில் எல்லோரும் அவன் போட்டோ போட்டு எழுதுகிறீர்கள். சின்ன வயதில் பட்டாசு வெடித்து ஒரு கண் போயும் சிரிப்பு மாறாத மனுஷன் என்று. தயவுசெய்து அந்தப் பட்டாசுக் கதையை எடுத்துவிடுங்கள்.

அது பொய். அதைக் கட்டிவிட்டவன் நான்.

அப்போது எங்களுக்கு ஒன்பது, பத்து வயது. கலர் கலராக டிரஸ் போட்ட ஐந்து பேர் சேர்ந்து அரக்கனை அடிப்பார்களே, ஜப்பானில் எடுத்ததை அமெரிக்காக்காரன் மாற்றி எடுத்து, தமிழில் பேசவிட்ட சீரியல்... அது முடிந்ததும் கடற்கரைக்கு ஓடுவோம். அடிதடிக்கு.

நான்தான் ரெட், ஐந்து பேருக்கும் தலைவன். வேறு எவனாவது ரெட் கேட்டால் மூக்கை உடைத்துவிடுவேன். ஒருத்தனுக்கு உடைத்தும் இருக்கிறேன்.

கலர் ஐந்து. நாங்கள் ஆறு பேர். அதனால் லெரின்தான் எப்போதும் அரக்கன்.

கேபிள் வந்தபிறகு மொட்டை மாடியில் சும்மா கிடந்த ஆன்டெனாவைப் பிரித்து, ஐந்து பேரும் ஆளுக்கொரு அலுமினியக் கம்பி வைத்திருந்தோம். அதுதான் வாள். அரக்கனுக்கு வெறுங்கை.

பார்த்தவர்களுக்குத் தெரியும்... அந்த சீரியலில் அரக்கன் ஒரு தடவை செத்தால் போதாது. மலை மாதிரி பெரிதாக எழுந்து, திரும்பவும் சாகவேண்டும். லெரினும் மணலில் உருண்டு சாவான். பிறகு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் ஏறி நின்று கத்துவான். நாங்கள் கீழே நின்று காலிலும் முட்டியிலும் மறுபடி சாத்துவோம். தொடையெல்லாம் வரிவரியாகத் தடித்திருக்கும்.

ஒரு கிறிஸ்துமஸ் வாரம். வள்ளத்தின்மேல் நின்றுகொண்டு சாகமாட்டேன் என்றான்.

"டெய்லி நான்தான் சாவணுமால? இன்னைக்கு நீ சாவு" என்று குனிந்து சிரித்தான்.

மற்ற நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம்... கம்பியை நேராக மேலே குத்தினேன். இடது கண்.

விளையாட்டில் தவறிப் பட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. குத்தவேண்டும் என்றுதான் குத்தினேன்.

விரலிடுக்கில் ரத்தம் கொட்டுகிறது. "பட்டாசு வெடிச்சிட்டுன்னு சொல்லுல. மாத்திச் சொன்ன... கொன்னுருவேன்" என்றேன். கண்ணைப் பொத்திக்கொண்டே தலையாட்டினான். மற்ற நாலு பேரும் எனக்குப் பயந்து அதையே சொன்னார்கள்.

டாக்டர், தீக்காயமே இல்லையே என்று இரண்டு தடவை கேட்டாராம். பட்டாசு என்றே நின்றிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அப்பா, "எவன்ட்ட கேட்டுல வெடி போட்ட?" என்று கட்டுப்போட்ட கண்ணோடு நின்றவனைப் பெல்ட்டால் விளாசினார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை.

வளர்ந்தபிறகு இரண்டு பேரும் கப்பல் வேலைக்கு மெடிக்கல் போனோம். எப்படியாவது விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் வந்தான், பாவி. கண் டெஸ்டிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் பாஸ்.

ஒருமுறை லீவில் வந்தபோது அவனிடம் சொன்னேன். "ஏலே, அந்த சீரியல்ல முகம் காட்டுனவன் ஒருத்தன், முகமூடி போட்டு சண்டை போட்டவன் வேற ஒருத்தனாம். சண்டையெல்லாம் ஜப்பான்ல எடுத்தது. எங்க கப்பல்ல ஒருத்தன் சொன்னான்."

"அப்போ அரக்கன்?"

"அரக்கனும் அங்கன உள்ளவன்தான். ரெண்டுலயும் அதே ஆளு."

"பாத்தியா... அவனுக்கு மட்டும் மாத்து ஆள் கெடையாது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். என் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது.

இப்போதும் லீவில்தான் வந்திருக்கிறேன். நேற்று போன் வந்ததும் யார்டுக்கு ஓடினேன். டிரைவரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரல்காரப் பையன். நானும் சேர்ந்து மிதித்தேன். உதடு கிழிந்து, ஒரு பல் விழுந்துவிட்டது.

"ஹார்ன் அடிச்சேன் அண்ணாச்சி... அவிய திரும்பவே இல்ல" என்று அழுதான். யார்டில் எந்நேரமும் ஹார்ன்தான், யார் திரும்புவார்கள்.

"அவனுக்கு எந்தப் பக்கமா வந்த?" என்று கேட்டேன்.

"இடது பக்கம்" என்றான்.

என் கால் அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பையன் இப்போது ஸ்டேஷனில் இருக்கிறான். அவனைத் திட்டி எழுதுகிறவர்கள் என்னைத் திட்டுங்கள். இதையே ஸ்டேஷனிலும் போய்ச் சொல்லப்போகிறேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் லெரின் மனைவி சகாயத்திடம் போனேன். முகநூலில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. வீடு நிறைய ஆட்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன், கண்ணைக் குத்தினது நான்தான் என்று.

"தெரியும்ணே" என்றாள்.

"கல்யாணத்துக்கு முன்னாலயே அவிய சொல்லிட்டாவ. உங்கள்ட்ட கேக்கப்படாதுன்னு சத்தியமும் வாங்கிட்டாவ. ஒவ்வொரு லீவுக்கும் வந்து இங்கன உக்காந்து சாப்பிடுவிய... இன்னைக்காது சொல்லுவிய, இன்னைக்காது சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே சோறு போட்டேன்."

எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்னொன்று. யாரும் தடுக்கவில்லை. நானும் நகரவில்லை.

"அவிய பெட்டிய நீங்க தொடக்கூடாது" என்றாள்.

நாளைக் காலை அடக்கம். தூக்கமாட்டேன் லெரின். எல்லோருக்கும் பின்னால் நடந்து வாரேன்.

போயிட்டு வாலே.