பாயின் உச்சியில் சிவப்புத் துணி

கடலில் காற்றின் விசையில் ஓடும் என் விண்ட்சர்ஃபிங் பலகைக்கு ஒரு பழைய பாயை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அக்காவிடம் வாங்கினேன். உச்சியில் சிவப்புத் துணியால் பெரிய ஒட்டு. அதைச் சரியாகத் தைக்கலாமென்று மொட்டை மாடியில் உட்கார்ந்து பிரித்தேன். அடியில் கிழிசலே இல்லை!

குழம்பிப்போய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“ஐயோ, பிரிச்சிட்டீங்களா? தூரத்துல எல்லாப் பாயும் ஒரே மாதிரி இருக்கும் தம்பி. கரையில நிக்கிற அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியணும்ல? அவங்க சேலைதான் அது” என்று சிரித்தார்.

அந்தத் துணியை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோவளம் கடற்கரைக்கு என்னோடு வரும்போதெல்லாம் என் மனைவி, நான் கரையேறும்வரை காருக்குள் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருப்பாள். “எனக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமே” என்று எரிந்து விழுவேன். இம்முறை அவளுடைய மஞ்சள் துப்பட்டாவைக் கேட்டு வாங்கி, அதே இடத்தில் தைத்தேன்.

சனிக்கிழமை, தண்ணீரிலிருந்து திரும்பிப் பார்த்தேன். கரையில் எத்தனையோ பேர். கையசைத்தவள் அவள் ஒருத்திதான்.