மாமன்மாருக்கு இடம் போதவில்லை

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் என் கணவரும் டி.டி.பி. கடை வைத்திருந்தோம். ஓசியில் கிடைக்கிறது, வைரஸ் வராது என்று அவர் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றியிருந்தார். வைரஸ் வரவில்லை, எனக்குத்தான் காய்ச்சல் வந்தது.

ஒரு நாள் ஆண்டிமடத்திலிருந்து ஒருவர் வந்தார். மறுநாள் அவருடைய அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பேனரில் மாமன்மார் எல்லோருடைய படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருவர் முகம் விட்டுப்போனாலும் அவர் சீர்த்தட்டோடு வாசலிலேயே திரும்பிவிடுவார், அக்கா அழுவாள் என்று பயந்தார். சாயங்கால பஸ்ஸில் சி.டி.யோடு திருச்சிக்குப் போனால்தான் பேனர் அச்சாகும்.

பையிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. மீசைக்கார மாமன் ஒருவரை ஒட்டியதும் திரை அப்படியே நின்றது. மெமரி போதாமல் லினக்ஸ் வேலையையே மூடிவிட்டது.

ஸ்வாப் ஃபைல் போட்டால் சரியாகிவிடும் என்றார் என் கணவர். மெமரி நிறைந்தால் மிச்சத்தை இறக்கிவைக்க ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கும் இடம் அது. கண்மூடித் திறப்பதற்குள் பெரிய ஃபைல் ஒன்றை உண்டாக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். லினக்ஸ் அதை ஏற்கவில்லை. ஃபைலில் ஓட்டை இருக்கிறதாம். பெயரை மாற்றினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். ஊதுவத்தி காட்டாத குறைதான்.

பிறகுதான் விளங்கியது. மனுஷன் அவசரத்தில் ஃபைலை முழுசாக எழுதாமல், கடைசியில் மட்டும் ஒரு குறி வைத்து அளவைப் பெரிதாகக் காட்டியிருந்தார். பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற அதே புத்தி. பஸ்ஸில் அது செல்லும், லினக்ஸில் செல்லாது. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஃபைலை நானே அழித்தேன். அவர் முழுக்கப் பூஜ்யங்களால் நிரப்பிப் புதிதாக எழுத விட்டார். அது நிரம்பும் வரை மூவரும் டீ குடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தோம். இந்த முறை லினக்ஸ் முரண்டு பிடிக்கவில்லை.

மாமன்மார் எல்லோரும் பேனரில் ஏறிவிட்டார்கள். சி.டி.யில் ஏற்றப் போனபோது அந்த முகங்களையும் ஆண்டிமடத்துக்காரரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நீங்களும் மாமன்தானேங்க? உங்க போட்டோ எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "வுடுங்கம்மா, நேரமாச்சு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவரைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்து நடுவில் ஒட்டினேன். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று முனகியது, ஆனால் நிற்கவில்லை. அதற்குள் என் கணவர் ஓடிப்போய், திருச்சி பஸ் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சி.டி.யைக் கையில் கொடுக்கும்போது மற்ற மாமன்மாரைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் ஒன்றுவிட்ட முறையாம். அந்த அக்காவோடு கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான்.