பாங்குக்கு முந்திய செருமல்

தடிமனுக்கு மருந்து சொல்லத் தெரியாத மனிதர் புத்தளம் கரையில் இன்னும் பிறக்கவில்லை. சீனி வருத்தம் என்றால் டொக்டரைக் கைகாட்டுவார்கள். நெஞ்சு வலி என்றால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். மூக்கு ஒழுகும் தடிமன் என்றால் மட்டும் ஆளுக்கு ஆள் வைத்தியம் சொல்லும் ஹக்கீம். அப்படி ஒரு ஊரே ஹக்கீமாகி, ஒரு மனிதரை வைத்தியம் பார்த்தே வீட்டில் உட்காரவைத்த கதை இது. நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அவர் பெயர் ஹயாத்து முகம்மது. எத்தாளைக்குப் போகும் வீதியோரம், தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் குடியேறிய ஊர் ஒன்றின் பள்ளிவாசல் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவர். வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கொண்டுவந்தது உடுத்த சாரனும் தொண்டையில் இருந்த குரலும்தான். தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள் மைக் இல்லாமல் அவர் சொன்ன முதல் பாங்கு முகாமின் கடைசிக் குடிசை வரைக்கும் போனது. வீடு வாசல் விட்டு வந்த சனம் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதது என்பார்கள்.

பிறகு கிடுகு போய் ஓடு வந்தது, ஓடு போய் மினாரா வந்தது. லொறி வாங்கினவர்கள் வாங்கினார்கள், கட்டார் போனவர்கள் போனார்கள். ஹயாத்து முகம்மதுவுக்கு வந்து சேர்ந்தது 'மோதினார்' என்ற பட்டம் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளுக்கு அவருடைய சொந்தப் பெயர்கூடத் தெரியாது. மனிதர் அந்தப் பட்டத்தில்தான் உயிரை வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மைக்கைப் போட்டதும் விரலால் இரண்டு தட்டு. அடுத்துத் தொண்டையை ஒரு செருமல், 'க்ஹும்' என்று. அதன் பிறகுதான் அல்லாஹு அக்பர். ரமழான் மாலைகளில் ஊர் கையில் ஈச்சம்பழத்தோடு காத்திருப்பது அந்தச் செருமலுக்குத்தான். பாங்கு தொடங்கட்டும் என்று பொறுக்கிறவர்கள் யாரும் இல்லை. மோதினார் செருமினால் பழம் வாய்க்குள். நேரம் வந்த பிறகுதானே மனிதர் செருமுகிறார் என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த முறை ரமழான் மாசிப் பனியோடு வந்தது. மச்சைத் துளைக்கிற பனிக்கு மோதினாரின் மூக்கா பெரிசு? நோன்பு தொடங்கிய சூட்டோடு தடிமன் பிடித்தது. மூக்கு அடைத்து, குரல் கம்மி, விடியற்காலை ஸுபஹு பாங்கு தகரத்தை இழுத்த மாதிரி வந்தது. ஊர் விழித்துக்கொண்டது. தொழுகைக்கு விழித்ததை விட வைத்தியத்துக்கு விழித்தவர்கள் அதிகம்.

முதலில் வந்தவர் பள்ளித் தலைவர் நௌஃபர் ஹாஜியார். மரக்கறி லொறிகளின் சொந்தக்காரர்.

"மோதினார், கருஞ்சீரகத்தப் பொடிச்சி தேனுல கொழச்சித் தின்னுங்க. மவுத்தத் தவிர எல்லாத்துக்கும் அது மருந்து எண்டு ஹதீஸ்லயே வந்திரிக்கி."

தலவிலப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் பவுலினா நாலு நண்டை ஓலைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைக்கச் சொன்னாள். சந்திக் கடை சிங்கள முதலாளி பஸ்பங்குவ என்ற கஷாயச் சரக்குப் பெட்டி ஒன்றை நீட்டினார். ஒருத்தர் தைலம் என்றார், ஒருத்தர் உள்ளங்காலில் உள்ளி தேய்க்கச் சொன்னார், இன்னொருத்தர் தண்ணி ஓதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் குளிசை மூக்கை விட்டுவிட்டு ஆளை அடித்தது. விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு எழும்ப முடியாமல் அலீமா முகத்தில் தண்ணி தெளித்துத்தான் எழுப்பினாள். அலீமா அவருடைய மனைவி.

இதில் இருக்கிற கொடுமையைக் கேளுங்கள். எதையும் பகலில் குடிக்க முடியாது. நோன்பு. மாலையில் நோன்பு துறந்ததும் கொத்தமல்லித் தண்ணி, கஞ்சி, கருஞ்சீரகம், நண்டு ரசம், பஸ்பங்குவ என்று எல்லாம் ஒரே வயிற்றுக்குள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்தன. தடிமன் அப்படியே இருந்தது, வயிறும் கெட்டது. பகலில் ஆவியில் முகம் காட்டி வேது பிடிக்கலாமா என்று கேட்டால், பாதிச் சனம் நோன்பு முறியும் என்றது, பாதிச் சனம் முறியாது என்றது. மௌலவி, "பேணுதலுக்கு விட்டுருங்க" என்றார். பேணுதல் அவருக்கு, மூக்கு இவருக்கு.

அலீமாதான் நியாயம் கதைத்தாள்.

"நோயாளிக்கி நோம்ப விடலாமெண்டு அல்லாஹ்வே சொல்லிரிக்கான். ரெண்டு நாளைக்கி விட்டுட்டு, மருந்தக் குடிச்சிக்கிட்டுப் படுங்க. விட்ட நோம்பப் பொறகு களாப் புடிக்கலாம்."

"என்ன கத கதைக்கிற? நோம்பில்லாத மோதினார் நோம்பு துறக்கப் பாங்கு சொல்லுறதா? சனம் காறித் துப்பும்."

"அந்தச் சனம்தான் உங்களக் கொல்லுது."

அவர் கேட்கவில்லை. சனத்தின் வாய்க்குப் பயந்தார். ஆனால் சனத்தின் வாய் சும்மா இருக்கவில்லை. மருந்து சொன்ன அதே வாய்கள், தடிமன் போகாததைக் கண்டதும் குறை சொல்லத் தொடங்கின. தேனை நல்ல இடத்தில் வாங்கவில்லையாம். நண்டு ரசத்தை ஆறவிட்டுக் குடித்தாராம். ஓதின தண்ணியை நம்பிக்கை இல்லாமல் குடித்தாராம். எந்த மருந்துக்கும் குற்றமில்லை, குற்றமெல்லாம் மூக்குக்காரனுக்குத்தான்.

நௌஃபர் ஹாஜியாரும் ஒரு நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கூப்பிட்டார்.

"மோதினார், உங்கட பாங்கு பின் ஒழுங்கைக்கிக் கேக்குதில்லையாம். நேரத்தோட போய் மைக்கக் கொஞ்சம் கூட்டி வச்சிப் பாருங்க."

சொன்னதைச் செய்தார் மனிதர். அதுதான் அவர் செய்த பிழை. அன்று மாலை, சூரியன் கடலுக்கு மேலே இன்னும் சிவந்து நிற்கும்போதே பள்ளிக்குள் போய் மைக்கைப் போட்டார், சத்தத்தைக் கூட்டினார். வேலை செய்கிறதா என்று விரலால் இரண்டு தட்டினார். அந்த நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து சளி ஒன்று உருண்டு தொண்டைக்கு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"க்ஹும்!"

பின் ஒழுங்கைக்கும் கேட்டது. ஒழுங்கை தாண்டி வெங்காயத் தோட்டம் வரைக்கும் கேட்டது. ஊரே பிஸ்மி சொல்லி ஈச்சம்பழத்தைக் கடித்தது. கஞ்சிக் கோப்பைகள் எழும்பின, சர்பத் இறங்கியது. பின்னால் பாங்கு வராததைப் பசியில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. இவருக்கு ஒன்றும் தெரியாது. மைக்கை நிப்பாட்டிவிட்டு, மூக்கைச் சிந்தி, கை கால் முகம் கழுவி வுழு எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் வந்ததும் தட்டி, செருமி, ஒழுங்காகப் பாங்கு சொன்னார்.

அந்தப் பாங்கைக் கேட்டு ஊர் உறைந்துபோனது. வாயில் வைத்த ரோல்ஸைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பகல் முழுக்கப் பசி கிடந்து பிடித்த நோன்பு ஒரு செருமலில் போயிற்று.

தொழுகை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் நடந்ததை நான் விலாவாரியாகச் சொல்லமாட்டேன். பாங்கு தொடங்கும் வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்று ஒருவரும் தங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. பொடியன்கள்கூடக் கை நீட்டிக் கதைத்தார்கள். ஹயாத்து முகம்மது தலையைக் குனிந்துகொண்டு, "மாப்புச் செய்யுங்க, சளி வந்திட்டிது, மாப்புச் செய்யுங்க" என்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்தார். பாதிப் பேர் கையை இழுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் அலீமா அப்போதுதான் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் அந்தச் செருமலுக்குத் துறந்திட்டியா?" என்று கேட்டார்.

"நான் ஏன் துறக்கிற? ராவெல்லாம் பக்கத்துல கிடந்து உங்கட இருமலக் கேக்கிறவ நான். அது சளி. பாங்குச் செருமல் வேற." அவள் கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். "குடிங்க."

அன்றைக்கு அந்த ஊரில் நோன்பு நிறைவேறியது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் என்று நினைக்கிறேன். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் நௌஃபர் ஹாஜியார் வீட்டுக்கே வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஹயாத்து நானா, நீங்க கொஞ்ச நாளைக்கி ரெஸ்ட் எடுங்க. நம்மட தங்கச்சிர மகன் றிம்ஸான் கட்டார்ல இருந்து வந்திரிக்கார். பாங்க மக்கா ராகத்துல சொல்லுவார். அவர் பாக்கட்டும்."

'மோதினார்' என்று கூப்பிடவில்லை. இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, ஹயாத்து நானா. ரெஸ்ட் என்றால் என்னவென்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு ஸஹர்தான் போயிருக்கும். ஒரு விடியலில் மூக்கு தானாகத் திறந்துகொண்டது. கஞ்சியில் ரம்பை இலை வாசம் வந்தது. செருமிப் பார்த்தார். குரல் பழைய குரல், ஒரு பிசிறு இல்லை. மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். போறதுதான் போறாய், சனியனே, நாலு நாள் முந்திப் போயிருக்கக் கூடாதா? அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் மக்கா ராகம் கிளம்பியது. நல்ல குரல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

பெருநாள் போனது. ஊர் போன நோன்பைத் திருப்பிப் பிடித்தது. பெண்கள் கிணற்றடியில், "மோதினார்ட களாவப் புடிச்சி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பட்டம் கடைசியில் அங்கேதான் மிஞ்சியது. அந்த வழியால் போகாமல் அவர் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்.

தடிமனுக்கு ஆள் பேதம் ஏது? அடுத்து றிம்ஸானைப் பிடித்தது. மக்கா ராகம் பாதியில் அறுந்தது. கருஞ்சீரகமும் நண்டும் ஓதின தண்ணியும் அவன் வீட்டை நோக்கி வரிசையாகப் போயின. ஒன்றுக்கும் தடிமன் கேட்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் நௌஃபர் ஹாஜியார் மறுபடியும் வந்து அதே கதிரையில் உட்கார்ந்தார். அலீமா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நானா, ஒரு உதவி. உங்கட தடிமன் ரெண்டு நாளையில டக்கெண்டு சுகமாச்சாமே? மருமகனுக்கு ஒரு மருந்தும் புடிக்குதில்ல. கடைசியா உங்களுக்குப் புடிச்ச மருந்து எது? மறைக்காமச் சொல்லுங்க."

ஹயாத்து முகம்மது அவரை நேராகப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் தொண்டையை ஒரு தடவை செருமிக்கொண்டார்.

"நீங்க என்னய வேலையால நிப்பாட்டினீங்களே ஹாஜியார், அதுதான் புடிச்சிச்சு. மருமகனுக்கும் அதையே குடுத்துப் பாருங்க."