லும்பியின் மூச்சு

வத்சலாவுக்கு நாய் என்றாலே ஆகாது. ஸ்ரீரங்கத்தில் இருந்தவரை, தெருநாய் எதிரே வந்தால் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போய்விடுவாள். அப்பேர்ப்பட்டவள் டோர்ட்மண்டில் ஒரு கிழட்டு நாய்க்கு ஈரல் சாசேஜுக்குள் மாத்திரையை ஒளித்துவைத்து, தன் விரலாலேயே ஊட்டினாள் என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவளும் யாருக்கும் எழுதவில்லை.

அவள் கணவர் பார்த்தசாரதி உலோக ஆராய்ச்சிக்காக ஜெர்மனிக்கு வந்தவர். 1968இல் அவளையும் அழைத்துவந்து, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி கோவால்ஸ்கியின் வீட்டு மாடியில் குடிவைத்தார். கோவால்ஸ்கி மனைவியை இழந்தவர். ஆயுளில் பாதியைப் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியே கழித்ததில் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. பார்த்தசாரதி என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடியாது. பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வத்சலாவை 'ஃப்ராவ் சாரதி', அதாவது திருமதி சாரதி, ஆக்கிவிட்டார். அவருக்குத் துணை என்று இருந்தது லும்பி என்ற அந்த நாய் ஒன்றுதான். குட்டைக் கால், நீள உடம்பு, தொங்கும் காது, வயதாகி நரைத்த மூஞ்சி.

1971 இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வத்சலா ரசத்துக்கு மிளகாய் வற்றலைத் தாளித்தாள். நெடி படிக்கட்டு வழியே இறங்கிப் போனது. கீழே முதலில் கிழவர் இருமினார். பிறகு நாய் இருமியது. கிழவரின் இருமல் நின்றுவிட்டது, நாயின் இருமல் நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். லும்பி முன்னங்கால்களை அகட்டி ஊன்றி, கழுத்தை நீட்டி, காற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பயமெல்லாம் எங்கே போயிற்றோ, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

மிளகாயின் மேல் தப்பில்லை என்றார் கால்நடை டாக்டர். இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது, நெடி அதைக் கிளறிவிட்டது, அவ்வளவுதான். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள், படி ஏறவிடாதீர்கள், அறைக்குள் சூடு வேண்டாம் என்றார்.

அன்றோடு மாடியில் தாளிப்பு நின்றது. "ஏன்னா, ஒரு நாயோட பிராணன் பெரிசா, உங்க ரசம் பெரிசா?" என்று அவள் கேட்டாள். ரசத்தின் பக்கம் பேசப் பார்த்தசாரதிக்குத் தைரியம் வரவில்லை. கிழவரால் குனியவும் முடியாது, தூக்கவும் முடியாது. அதனால் நாயைத் தூக்கி வாசல்படி இறக்கி ஏற்றுவது வத்சலாவின் வேலையாயிற்று. படுத்தால் லும்பிக்கு மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்கும். தாடையைத் தாங்க ஒரு தலையணையைச் சுருட்டி வைத்தாள். குளிரில் ஜன்னலைத் திறந்துவிட்டு, தான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை இல்லாத வீடு. இதற்குமேல் நான் என்ன சொல்ல!

பனிக்காலம் முடிகிற சமயம் கோவால்ஸ்கிக்குக் கடலோரச் சிகிச்சை இல்லத்தில் இடம் கிடைத்தது. சில வாரங்கள் அங்கே தங்கி உப்புக்காற்றைச் சுவாசித்துவிட்டு வர வேண்டும்.

"நான் போகலை," என்றார். "இவனை யார்கிட்ட விடறது?"

"நான் பாத்துக்கறேன்."

கிழவர் நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ ஒண்ணு கேக்கறேன். மூச்சு முட்டிச் சாகறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். சுரங்கத்துல பார்த்திருக்கேன். இவனுக்கு அந்த நிலைமை வந்தா டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு முடிக்கச் சொல்லுங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சொல்வீங்களா, ஃப்ராவ் சாரதி?"

"சொல்றேன்."

பாஷை புரியாமல் தலையாட்டிவிட்டாள் என்று யாரும் அவளுக்காகச் சாக்குச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்துதான் சொன்னாள்.

கிழவர் திரும்பிவர ஒரு வாரம் இருக்கும்போது அந்த நாள் வந்தது. விடிந்ததிலிருந்தே லும்பியின் விலா ஏறி ஏறி இறங்கியது. தண்ணீரைக்கூட நாக்கு தொடவில்லை. டாக்டர் வந்து காதுக்குழாயை வைத்துப் பார்த்தார்.

"இனிமேல் தேறாது. கோவால்ஸ்கி உங்களைத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார். சொல்லுங்கள், இப்போதே செய்துவிடலாம்."

வத்சலா லும்பியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறாள். வாயில் தீர்த்தம் விடுவார்கள், காதில் பெருமாள் நாமம் சொல்வார்கள், பிராணன் அதுவாகப் போகக் காத்திருப்பார்கள். இப்போது போகட்டும் என்று யாராவது சொன்னதுண்டா? ஒரு ஜீவனைக் கொல்லு என்று தன் வாயால் எப்படிச் சொல்வாள்! அதோடு உள்ளுக்குள் ஓர் ஆசை வேறு: இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டால் கிழவரே வந்து பார்த்துவிடுவாரே.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்கோ," என்றாள்.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. நீர் இறங்க ஓர் ஊசியைப் போட்டுவிட்டு, முடியாவிட்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனார். ஊசி கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் லும்பியின் நாக்கு நீலம் பாரித்தது. அது கத்தக்கூட இல்லை, கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே. கண்ணை மட்டும் அவள்மேலிருந்து எடுக்கவில்லை. ஸ்பூனால் தண்ணீர் விட்டாள், வழிந்தது. காதில் நாமம் சொன்னாள், அது தலையை உதறியது. கடைசியில் பக்கத்து பேக்கரிக்கு ஓடி டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வெளியூர்ப் பண்ணை ஒன்றுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் லும்பி அவள் மடியில் மூச்சுக்குத் துடித்துத் துடித்து அடங்கிவிட்டது. அவள் அழுத அழுகையைக் கேட்டு பேக்கரிக்காரி கடையை விட்டு ஓடிவந்தாள்.

ராத்திரி பார்த்தசாரதி சொன்னார்: "ஊசி போட்டாச்சுன்னு சொல்லிடு. கிழவர் நிம்மதியா இருப்பார். யாருக்கு என்ன நஷ்டம்?"

அவளும் அப்படியே சொல்வதாகத்தான் இருந்தாள். கோவால்ஸ்கி வெயில்பட்ட முகத்தோடு வந்து இறங்கினார். லும்பி போய்விட்டது என்ற சமாசாரம் மட்டும் அவருக்குக் கடிதத்தில் முன்பே போயிருந்தது. தோட்டத்தில் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, வாசல்படியருகே நின்று கேட்டார்:

"டாக்டர் வந்தாரா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"காலமேயே வந்தார். நான்தான் வேண்டாம்னேன். என்னால சொல்ல முடியலை."

"எவ்வளவு நேரம் கஷ்டப்பட்டான்?"

"சாயங்காலம் வரைக்கும்."

கிழவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பிற்காலத்தில் அவளே சொல்லியிருக்கிறாள். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடையிடையே நின்று மூச்சு வாங்கி, மெதுவாகச் சொன்னார்:

"அவனுக்காவது அது வேண்டாம்னு நினைச்சேன், ஃப்ராவ் சாரதி. எனக்கு அந்த ஊசியை யாரும் போட மாட்டாங்க."

சொல்லிவிட்டு ஒரு படி ஏறி நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது. வத்சலா ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடிக்காமலே அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார்.