அரைமில்லி வரைந்த ஒன்பது வீடுகள்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு அரைமில்லி என்று பெயர் வைத்தது முதலாளி. மூக்குக்கண்ணாடி வில்லையின் நடு, போட்டுக்கொள்பவரின் கருவிழிக்கு நேராக உட்கார வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் தலைவலி வரும். வேறு யாராவது பொருத்திய கண்ணாடியைக் கையில் வாங்கி ஒரு தடவை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் அரை மில்லி உள்ள போயிருக்கு, கழட்டுங்க" என்பாள். அளந்தால் சரியாக அரை மில்லிதான் இருக்கும். பத்தொன்பது வருஷமாக ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவெடுத்தவள் அவள். அப்பேர்ப்பட்டவளின் காதில் பதினோரு வருஷம் கூடை கூடையாகப் பூச்சுற்றியிருக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? சுற்றியவர் வெளி ஆளும் இல்லை, சொந்தப் புருஷன்.

படம் வரைவது அவளுக்குத் தொழில் இல்லை. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதும் இல்லை. புதன்கிழமை கடைக்கு விடுமுறை. கணவர் கிடங்குக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, துவைத்ததைக் காயப்போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பையில் பன்னிரண்டு வண்ணக் கட்டிகள் அடங்கிய தகரப்பெட்டி, தண்ணீர் பட்டால் கரையாத கறுப்பு மை ஊற்றிய பேனா, தண்ணீருக்கு ஒரு காலிப் புட்டி, தூரிகை துடைக்கக் கடையில் கழித்துப்போட்ட கண்ணாடித் துணி. பென்சிலில் போட்டு அழித்துத் திருத்துகிற பேச்சே கிடையாது. நேராக மைதான், அது காய்ந்ததும் மேலே நீர்வண்ணம். வெள்ளை வண்ணம் அவள் பெட்டியில் இல்லை. வெயில் விழும் இடத்தைத் தொடாமல் தாளாகவே விட்டுவிடுவாள். எதைத் தொடாமல் விட வேண்டும் என்று பிடிபடவே அவளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

மாலையில் வீட்டில் இஸ்திரிப் பலகைமேல் படம் காயும், பக்கத்தில் அடுப்பில் உலை கொதிக்கும், மகள் கணக்கில் சந்தேகம் கேட்பாள். ஒரு தடவை மகளின் பள்ளிச் சட்டைக் காலரில் நீலம் தீற்றிவிட்டது. "வானத்துல கொஞ்சம் உன் கழுத்துக்கு வந்துடுச்சு" என்று சமாளித்தாள். குடும்பத்துக்கு நடுவே அப்படித்தான் வரைய முடியும்.

உறவில் யார் வீடு மாறப்போகிறார்கள் என்று தெரிந்தாலும், அவள் அவர்களுடைய பழைய வீட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவாள். புது வீட்டுக்குக் கட்டில் வரும், பீரோ வரும், பழைய வீடு மட்டும் வர முடியாதல்லவா? அதை இவள் அனுப்பிவைப்பாள். சட்டம் போட்டு, பழுப்புத் தாளில் சுற்றி, தனக்கே உரிய ஒரு முடிச்சைப் போட்டுக் கணவர் கையில் கொடுப்பாள். வீட்டில் யாருக்கும் முன்கூட்டிக் காட்ட மாட்டாள், கூச்சம். "அங்க பிரிக்கும்போது எல்லாரோடயும் சேர்ந்து பாருங்க" என்பாள். விசேஷமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். கண்ணாடிக் கடையில் அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும். அதனால் கணவரும் மகளும் போவார்கள். அவள் கடையில் நின்று, ஊரார் மூக்கின்மேல் அளவுகோலை வைத்தபடி, இந்நேரம் பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள். கடை முடிந்து வந்ததும் வாசற்படியிலேயே காத்து நிற்பாள்.

மனிதர் திரும்பி வந்து சொல்லுகிற விவரத்தைக் கேட்க வேண்டுமே! முதல் படம் அவருடைய அண்ணனுக்கு. "படத்துல இருக்குற கேட்டை அண்ணன் கையால தடவிப் பார்த்தாருன்னா பாத்துக்கோ" என்றார். இரண்டாவது படத்துக்கு, "கரண்ட் கம்பியக்கூட விடாம போட்டிருக்காளேன்னு அசந்துட்டாங்க" என்றார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தங்கை வீடு மாறியபோது, "பிரிச்சதும் தங்கச்சிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பேச்சே வரல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாசம் கால் தரையில் படாமல் திரிந்தாள்.

எந்த வீட்டிலும் கூடத்தில் படத்தைக் காணோமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அதற்கும் அவரிடம் பதில் தயார். "பெட்ரூம்ல மாட்டியிருக்காங்க. கண்ணு முழிச்சதும் அதைத்தான் பாக்குறாங்களாம்." அடுத்தவர் படுக்கையறைக்குள் நுழைந்து யார் சோதித்துப் பார்ப்பார்கள்? கூடத்தைவிட அது பெரிய மரியாதை என்று அவளும் பூரித்துப்போனாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, நாத்தனாருக்குப் புதுக் கண்ணாடி தயாராகிவிட்டதென்று தானே எடுத்துக்கொண்டு போனாள். காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிசெய்து மாட்டிவிட்டாள். நாத்தனார் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அடேயப்பா, இங்கேருந்தே மணி தெரியுது அண்ணி! நீங்க குடுத்த கடிகாரம்தான். நாலு வருஷமாச்சு, ஒரு நிமிஷம் முன்ன பின்ன போனதில்ல."

வெள்ளை வட்டம், ஓரத்தில் தங்கக் கோடு. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். கடிகாரமா, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று கேட்க வாய் வரவில்லை. நாத்தனார் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"பழைய வீட்டைப் போன மாசம் இடிச்சுட்டாங்க, தெரியுமா? அந்தச் சமையலறை ஜன்னல்ல நின்னுதான் இருபது வருஷம் தெருவப் பார்த்தேன். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல அண்ணி. நினைச்சா வயிறு எரியுது."

முகம் கழுவிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகிற வழியில் படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. நாலு சுவரையும் பார்த்தாள். ஒரு பீரோ, ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் கணவரின் சித்தப்பா வீடு. சும்மா எட்டிப் பார்த்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்தாள். அங்கேயும் கூடத்துச் சுவரில் அதே வெள்ளை வட்டம், அதே தங்கக் கோடு. கணவரின் கிடங்கில் ஊழியர்களுக்குச் சலுகையில் கிடைக்கிற சரக்கு. எதற்கும் அழாதவள், பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஏமாந்தது ஒருபுறம் இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் "அப்புறம் என்ன சொன்னாங்க?" என்று அசடு மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று மாலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"மொத்தம் எத்தனை கடிகாரம்?"

"என்ன கடிகாரம்?" என்றார் கணவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"வெள்ளை வட்டம். ஓரத்துல தங்கக் கோடு."

அவர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். மகள்தான் மெல்லச் சொன்னாள்.

"எட்டும்மா."

ஆக, அவளும் கூட்டு. பத்து வயசிலிருந்தே தெரியுமாம். அப்பா சொல்ல வேண்டாம் என்றாராம். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். பெற்ற பெண் இவ்வளவு நயமாகப் பேசுவதைக் கேட்டபோது அவளுக்குப் புருஷன்மேல் வந்ததைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"படமெல்லாம் எங்க?"

"பத்திரமா இருக்கு. ஒண்ணையும் தூக்கிப் போடல" என்றார், அது என்னவோ பெரிய உபகாரம் போல.

மறுநாள் மாலை ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்து வந்தார். கிடங்கில், கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கை வைக்கிற அலமாரியில் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒன்பது பொட்டலங்கள். எட்டில் அவள் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

அவள் அந்த முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொடுக்காமல் ஒளித்தார், சரி. வாய்க்கு வந்ததைச் சொன்னார், அதுவும் சரி. பதினோரு வருஷத்தில் ஒரு நாள், ஆளில்லாத நேரத்தில், என்னதான் வரைந்திருக்கிறாள் இவள் என்று ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே இந்த மனுஷனுக்கு!

வரிசையாகப் பிரித்து இஸ்திரிப் பலகைமேலும் நாற்காலிகள்மேலும் சாய்த்துவைத்தாள். இரண்டாவது படத்தில், மூலையில் இரண்டே இரண்டு மின்கம்பி. மூன்றாவதில் ஐந்து. ஆறாவதில் கம்பம், கம்பி, கம்பிமேல் காக்கை. ஒன்பதாவதில் வானம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. துணி காயப்போடலாம் போல இருந்தது.

"கம்பிய நல்லா போட்டிருக்கான்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. ஏதாவது சொல்லணுமேன்னு... தெருன்னா கம்பி இருக்கும்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே நின்றுவிட்டது. பாராட்டு வந்த பக்கமெல்லாம் கை வளைந்திருக்கிறது. அந்தக் கம்பிகள் அவள் கண்ணுக்குப் பிடித்தவையா, இல்லை அவர் வாய்க்கு அன்று அகப்பட்டவையா என்று இப்போது பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை. கேட் போட்ட வீடு என்றால் கேட்டை மூன்று தடவை தீற்றியிருக்கிறாள், அண்ணன் தடவிப் பார்த்தாராமே!

பிரிந்து கிடந்த ஒரே பொட்டலம் அந்த அண்ணனுடையதுதான்.

"இது மட்டும் எப்படிப் பிரிஞ்சுது?"

கணவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் அண்ணன் பிரித்தாராம். "அந்தப் பொந்தை விட்டுத் தொலைஞ்சோம்னு இங்க வந்தா, அதையே கண்ணாடி போட்டு அனுப்பிச்சிருக்காளே" என்றாராம். கூடமே சிரித்ததாம். படத்தைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டார்களாம். கிளம்பும்போது இவர் சத்தமில்லாமல் எடுத்து வந்துவிட்டார்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ வாசல்லயே நின்னுட்டிருந்த. முகத்தைப் பார்த்ததும் வாய்ல வேற வந்துடுச்சு. அதுக்கப்புறம் உன்னப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான் கடிகாரம்..."

அவள் நம்பினாள். அவ்வளவும் உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தாங்கொள்ளி. அந்த நேரத்தில் கொஞ்சம் மனசுகூட இளகியது. ஆனால் அரை மில்லி தள்ளியிருந்தாலும் விடாத கண் அல்லவா? கதையில் ஓரிடம் நேராக உட்காரவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே. நீங்க?"

அவர் குனிந்து, கீழே கிடந்த பழுப்புத் தாளை மடிக்கத் தொடங்கினார்.

"சிரிச்சீங்களா?"

"எல்லாரும் சிரிக்கும்போது... நான் மட்டும் எப்படிம்மா சும்மா நிக்கிறது?"

அவள் தலையை ஆட்டினாள். படங்களை மறுபடி தாளில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் அதே முடிச்சைப் போட்டாள். அடுத்த ஒரு வாரம் அந்த வீட்டில் உப்பு, தண்ணீர், குழாய், சாவி தவிர வேறு பேச்சு நடக்கவில்லை. மகள் வலிய வந்து தோளில் சாய்ந்தபோதுகூட, "தள்ளு, வேலை இருக்கு" என்றாள்.

அடுத்த புதன்கிழமை ஒரே ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அவர் சிரித்தார், அண்ணன் சிரித்தார், இவளும் சிரிக்கட்டுமே, நேரிலேயே பார்த்துவிடலாம் என்றுதான் போனாள்.

நாத்தனார் தாளைப் பிரித்தாள். மாடிப்படி, அதன் கீழே சைக்கிள், சமையலறை ஜன்னலின் நீலக் கம்பி என்று விரல் மட்டும் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலில் நின்றது. உள்ளே மூன்றே கோட்டில் ஒரு தலை, கன்னத்தில் முட்டுக்கொடுத்த ஒரு கை. முகத்தில் வெயில் விழுந்த பாதி வெறும் தாள்.

"இது நான்தானே அண்ணி?"

"வேற யாரு? நான் வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் நீ நகரவே இல்ல. கண்ணாடி போடாம நின்ன, எதிர்ல இருந்த என்னக்கூட உனக்கு அடையாளம் தெரியல."

நாத்தனாருக்குக் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. புதுக் கண்ணாடியெல்லாம் நனைந்துபோயிற்று. அவள் அதைக் கழற்றி வாங்கி, பையிலிருந்த சாயத் துணியில் சாயம் படாத மூலையாகத் தேடித் துடைத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் கணவர் இட்டுக்கட்டிச் சொன்ன அதே கண்ணீர், இப்போது நிஜமாகவே எதிரில் நின்றது. சந்தோஷம் பொங்க வேண்டிய இடத்தில் முதலில் கோபம்தான் பொங்கியது. இதை அல்லவா அந்த மனுஷன் நாலு வருஷம் அலமாரியில் பூட்டிவைத்தார்!

"இத்தனை நாள் ஏன் அண்ணி குடுக்கல?"

"கொஞ்சம் வேலை பாக்கி இருந்துச்சு" என்றாள். அவரைக் காட்டிக்கொடுக்காமல் தன் வாய் பொய் சொன்னதைக் கேட்டு அவளுக்கே எரிச்சலாக இருந்தது. நாத்தனார் அதற்குள் முக்காலியைப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியிலேயே படத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியபோது கணவர் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வந்திருந்தார். வாசற்படியிலேயே நின்றார். பொட்டலம் ஒன்று குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவள் செருப்பைக் கழற்றும்வரை பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"தங்கச்சி வீட்டுக்குத்தானே போன? பிரிச்சுப் பார்த்தாளா? என்ன சொன்னா?"

பதினோரு வருஷம் அவள் நின்ற அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய்ப் பையை வைத்தாள்.

"கடிகாரம் நல்லா ஓடுதாம்" என்றாள். "ஒரு நிமிஷம் முன்ன பின்ன போகலையாம்."