மச்சாளின் கை ஆடவில்லை

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எழுவைதீவில் இருக்கும் மாமாவின் மகள், என்னைவிட நாலு வயது மூத்த மச்சாள், பாவித்த கமரா ஒன்றை அதன் பழைய லென்ஸோடு வாங்கினார். லென்ஸைக் கழற்றி மாற்றலாம், புதிதாகப் பழகுபவர்களுக்கானது.
2. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸ் ஒன்றைத் தெரிவுசெய்து தரச்சொல்லி என்னிடம் கேட்டார். அவருடைய வலது மணிக்கட்டு ஒருமுறை முறிந்து பொருந்தியது. பாரம் பிடித்தால் லேசாக ஆடும்.
3. நான் ஒரு பட்டியல் எழுதினேன்.
4. கனடாவில் இருக்கும் சித்தப்பா அதைப் பார்த்து லென்ஸை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.
5. அந்த லென்ஸ் அந்தக் கமராவில் வேலை செய்யாது.
6. அது தெரிந்த பிறகு நான் ஒரு வசனம் சொன்னேன்.

ஆறாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மூன்றாவதில் தொடங்கவேண்டும்.

நான் ஊர்காவற்றுறையில் இருந்து தினமும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வரும் மின்னியல் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கள் குடும்பத்தில் வயரோ பற்றரியோ உள்ள எதுவும் என்னிடம்தான் வரும். பட்டியலில் ஐந்து கேள்விகள் எழுதினேன். லென்ஸின் அடிவளையம் கமராவில் பூட்டுமா? நடுக்கத்தடுப்பு இருக்கிறதா? குவிக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறதா? ஒரு அறைக்குள் நின்று குடும்பம் முழுவதையும் எடுக்க முடியுமா? பாரம் குறைவா? ஒரு லென்ஸின் பெயரை மேலே எழுதி, ஐந்துக்கும் சரி போட்டேன். கேட்காமல் விட்டது ஒன்று: இந்த மோட்டாரை ஓட்ட இந்தக் கமராவுக்குத் தெரியுமா? அது புதுவகை மோட்டார். பழைய கமராக்களால் அதை இயக்க முடியாது.

கமராவின் படத்தை மச்சாள் அனுப்பியிருந்தார். பிள்ளையாருக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்த கமரா. பொட்டு, முன்பக்கத்தில் இருந்த நாலு இலக்கங்களில் இரண்டாவதை மூடியிருந்தது. கமரா பழையதா புதியதா என்று சொல்வது அந்த இலக்கம்தான். “பொட்டைத் துடைச்சுப்போட்டு இன்னொரு படம் அனுப்புங்கோ” என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். பொட்டைத் துடைக்கச் சொல்ல ஒருமாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், பார்த்தவுடனேயே சொல்லக்கூடியவள் என்று அவர் என்னை நினைக்கவேண்டும் என்பது. மற்ற மூன்று இலக்கங்களை வைத்து, புதியதுதான் என்று ஊகித்தேன்.

லென்ஸ் வந்த கிழமை எழுவைதீவில் ஒரு சாமத்தியவீடு, வயதுக்கு வந்த பிள்ளைக்குச் செய்யும் சடங்கு. மச்சாளுக்கு அதுதான் முதல் வேலை. யாழ்ப்பாணத்துப் படக்காரர் பின்னேர வள்ளத்தைப் பிடிக்கப் பாதியில் எழும்பிவிடுவார்கள் என்று, பிள்ளையின் தாய் மச்சாளைப் படம் எடுக்கக் கேட்டிருந்தார். இது சரிவந்தால் தீவில் அடுத்தடுத்தவையும் அவருக்குத்தான்.

அன்று எழுவைதீவு இறங்குதுறையில் வைத்தே லென்ஸைப் பூட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். தூரத்து வள்ளம் தெளிவாகத் தெரிந்தது. “நீர் இருக்க எனக்கென்ன பயம்” என்றார் மச்சாள்.

பெண்கள் தட்டுத் தட்டாக எடுத்துப் பிள்ளைக்கு ஆலாத்தி சுற்றத் தொடங்கியபோது ஷட்டர் விழவில்லை. கமராவை வாங்கி, கையால் குவிக்கும் நிலைக்கு மாற்றிக் கொடுத்தேன். விழுந்தது. ஆனால் திரையில் பிள்ளையின் முகம் சேலைக்கு மேலே ஒரு மங்கல். நானே வாங்கி வளையத்தைத் திருப்பினேன். வளையம் சுற்றியது, படத்தில் எதுவும் மாறவில்லை. அந்த வளையமும் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும்; கமரா பழையது, லென்ஸ் தூரத்துக்குக் குவிந்தபடியே நிற்கிறது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

“என்ன, எல்லாம் புகை மாதிரிக் கிடக்கு? என்ரை கை ஆடுதோ?” என்று மச்சாள் கேட்டார்.

பின்னால் நின்ற ஒரு மாமி சிரித்தார். “சாமான் கனடா, பிடிக்கிற கை எழுவைதீவு. பேந்தென்ன!”

நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஓம் மச்சாள், கொஞ்சம் ஆடுது. இறுக்கிப் பிடியுங்கோ” என்றேன்.

அவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி, கடைசித் தட்டு இறங்கும்வரை எடுத்தார். முடிந்தபின் பிள்ளையின் தாய் படங்களைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, போனிலை கொஞ்சம் எடுத்திருக்கினம்” என்றார். “என்ரை கைதான் அக்கா சரியில்லை” என்று மச்சாள் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நான்கு நாள் கழித்து வள்ளத்தில் போய் உண்மையைச் சொன்னேன். மச்சாள் குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்வதை நிறுத்தவில்லை.

“அப்ப என்ரை கை ஆடேல்லை.”

“இல்லை.”

“பழைய லென்ஸ் பையுக்கைதான் கிடந்தது. அண்டைக்கே சொல்லியிருந்தீரெண்டால் அதை மாத்திப் போட்டு எடுத்திருப்பன்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. லென்ஸை மாற்ற ஒரு நிமிடம்கூடப் போகாது. அந்த நேரத்தில் என்னுடைய பெயரைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

புது லென்ஸ் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு, பிழை என்னுடையது என்று எழுதிவிட்டேன். பிள்ளையின் தாயிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பொறுத்தவரை இன்றைக்கும் மச்சாளின் கைதான் பிழை. அடுத்த மாதம் தீவில் இன்னொரு சாமத்தியவீடு. அதற்கு யாழ்ப்பாணத்தில் இருந்து ஆளைப் பிடித்திருக்கிறார்கள்.