அந்தப் பிள்ளையின் பெயரையும் சொன்னேன்

பிரியமான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்தால் நான் நன்றி கெட்டவளாகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செல்வமேரி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறேன். கணவர் அபுதாபியில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும், அப்போது பதினொன்றாம் வகுப்பு படித்த என் மகன் அருளும், செவலை என்ற எங்கள் ஜல்லிக்கட்டுக் காளையும்தான்.

போன தவக்காலத்தின் முதல் வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை செவலைக்கு வைக்கோல் பிடுங்கப் போனேன். போருக்குள் கையை விட்டேன். சாக்குத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் அரிவாள். எங்கள் வீட்டு அரிவாள் இல்லை. புதுசு, நீளக் கைப்பிடி, பளபளவென்று இருந்தது. அப்படியே மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டேன்.

அது யாருக்கு என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாசி மாதம் பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டு நடந்தது. எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு கண்மாய்தான். மூன்று வருஷமாக யார் கையிலும் சிக்காத செவலையை அன்றைக்கு அந்த ஊர்ச் சரவணன் என்ற பையன் திமிலோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். மூன்று துள்ளலுக்கும் விடவில்லை. செவலை தோற்றுப் பிடிமாடு ஆகிவிட்டது. அன்று மாலையே அதை வீடியோவாகப் போட்டு, கீழே "பால்குடி மறக்காத கன்னுக்குட்டி" என்று எழுதிவிட்டார்கள். செல்போன் வைத்திருந்த எல்லோரும் பார்த்தார்கள். பஸ்ஸில் எங்கள் பையன்களைப் பார்த்து "ம்மா" என்று கத்தினார்கள். தள்ளுமுள்ளு, கிழிந்த சட்டை, அப்புறம் கல். அருளின் கூட்டாளி ஒருவனுக்கு மண்டையில் நாலு தையல்.

பையன்கள்மேல் மட்டும் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறைத்தால் இது சாட்சி ஆகாது. காளை பிடிபட்டு வந்த அன்று நான் அதற்குத் தண்ணீர்கூடக் காட்டவில்லை. எங்கள் பக்கம் காளை வளர்க்கிற வீட்டுப் பெண்களுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. ஆத்திரத்தில் அருளையும் அவன் கூட்டாளிகளையும் நிற்க வைத்துக் கேட்டேன்: "ஊரே சிரிக்குது. ஒங்களுக்கெல்லாம் ரோஷம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அந்தச் சொல்தான் வைக்கோல் போருக்குள் அரிவாளாகக் கிடந்தது.

போலீசுக்குப் போனால் பிள்ளை வாழ்க்கை போய்விடும் என்று பயம். கணவரிடம் சொன்னால் அங்கிருந்து அவர் என்ன செய்வார்? இருந்த இடத்திலேயே அரிவாளை வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் விழுந்தேன். என்ன வேண்டினேன் தெரியுமா? "மாதாவே, அந்தச் சரவணன் பயலை எங்கிட்டாவது கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோயிடு." மூன்று நாளும் இதே மன்றாட்டு. செபமாலை உருண்டது, நெஞ்சு இறுகிக்கொண்டே போனது. பள்ளியில் சாம்பாருக்கு உப்பை இரண்டு தரம் போட்டேன். பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டே தின்றார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போன படங்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் முழங்கால் போட்டு வேண்டுவது. நான்காம் நிலைக்கு வந்தோம். இயேசு தம் தாயைச் சந்திக்கிறார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை முழங்கால் போட்ட இடம்தான். அன்றைக்கு அந்தப் படத்தில் இருந்த தாயைப் பார்த்தபோது சரவணனுக்கும் ஒரு அம்மா இருப்பாளே என்று தோன்றியது. அவள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் என் மகன் கையால் அவள் இப்படி ஒரு தெருவில் நின்று அழப்போகிறாள் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. எல்லோரும் ஐந்தாம் நிலைக்கு நகர்ந்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "ஆண்டவரே, சரவணனையும் காப்பாத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெயர் வாயில் வரவே மாட்டேன் என்றது. அழுது அழுதுதான் சொன்னேன். சொன்ன பிறகு, அந்த வாரத்தில் முதல் தடவையாக, மூச்சு ஒழுங்காக வந்தது. இனி என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது.

மறுநாள் காலை அரிவாளைக் காய்கறிக் கூடைக்குள் முருங்கைக்கீரைக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார் வீட்டுக்குப் போனேன். இரண்டு ஊர்ப் பையன்களும் படிப்பது அதே பள்ளியில்தான். கீரையை விலக்கிப் பார்த்தவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, இத எடுத்துட்டு வர ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"வேற வழி தெரியல சார். எம் புள்ளையையும் காப்பாத்துங்க, அந்தச் சரவணன் புள்ளையையும் காப்பாத்துங்க."

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. முந்தின நாள் மாலைதான், நாங்கள் சிலுவைப்பாதையில் இருந்த நேரத்தில், இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் பள்ளியில் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறார்கள். ஜல்லிக்கட்டில் காயம்படுகிறவர்களுக்கு முதலுதவி செய்ய இரண்டு ஊரிலிருந்தும் பத்துப் பத்துப் பையன்களைப் பழக்குவது, சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பயிற்சி, கூடவே கோபத்தைப் பற்றி, செல்போன் வம்பைப் பற்றி உட்கார்ந்து பேசுவது என்று முடிவு. யார் யாரைச் சேர்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாராம். "ரெண்டு பேரையும் ஒரே பட்டியல்ல போடுறேன். சேராதவன் வாடிவாசல் பக்கமே வரக்கூடாதுன்னு ரெண்டு ஊர்லயும் சொல்லிட்டாங்க. கண்டிப்பா வருவானுங்க" என்றார்.

அரிவாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் அருள் வைக்கோலைக் கலைத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

"நான்தான்ப்பா எடுத்தேன்" என்றேன். "அன்னைக்கு ரோஷம் இருக்கான்னு கேட்டேன்ல? அது தப்பு. அம்மாவ மன்னிச்சிரு." பெற்ற மகனிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தான். சுண்டல் அவிக்கிற வேலை என்னுடையது என்பதால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். முதல் வாரம் பத்துப் பேர் அந்த மூலை, பத்துப் பேர் இந்த மூலை. சுண்டல் வாங்கக்கூட இரண்டு வரிசை. இரண்டாம் வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்சம்மா ஊருக்கு ஒருவராக ஜோடி சேர்த்துவிட்டார். சார் சொல்லித்தான் செய்தாரோ என்னவோ, அருளுக்கு எதிரே சரவணன்.

நாடி பார்க்க வேண்டும். அருள் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். கிடைக்கவில்லை. மாற்றி மாற்றி அழுத்தினான். கடைசியில் சரவணனே அவன் விரலை எடுத்து நகர்த்தி வைத்தான்.

"இங்கிட்டு வைடா. அழுத்தாத."

அருள் தலையைக் குனிந்தபடி ஒரு நிமிஷம் எண்ணினான். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். என் மகன் அந்தப் பிள்ளையின் உயிரை விரல் நுனியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பூசை மாதிரி இருந்தது.

அதன் பிறகு ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். "தொடையில பட்டா குடம் குடமா போகணும்னு இல்லப்பா. கொஞ்ச நேரத்துலயே ஆளு நம்ம கையில இருக்க மாட்டான்" என்றார். அன்று வீட்டில் அருள் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு இது தெரியாதும்மா. சும்மா ஒரு கோடு போட்டு விட்டுறலாம்னுதான் நெனச்சோம்" என்று சொல்லிவிட்டு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவன் என் மடியில் படுத்ததே இல்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நான்காம் வாரம் இரண்டு பையன்கள் ஸ்ட்ரெச்சரைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று அவர்களை விலக்கிவிட்டது அருளும் சரவணனும்தான். வீடியோ எப்போது அழிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் தேடினால் இல்லை.

ஈஸ்டர் முடிந்து எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு. கையில் பட்டை கட்டிக்கொண்டு இருபது பிள்ளைகளும் நின்றார்கள். காயம்பட்ட ஒருவரை அருள் தலைப்பக்கமும் சரவணன் கால்பக்கமும் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். செவலை இந்தத் தடவையும் பிடிமாடுதான்! அது சிக்கக்கூடாது என்ற மன்றாட்டை மட்டும் ஆண்டவர் கேட்கவில்லை. போகட்டும்.

கூட்டம் கலையும்போது என் வயதுப் பெண் ஒருத்தி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரவணனின் அம்மா.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க மகன் எங்கிட்டாவது தொலஞ்சு போகணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டவ நான்."

"நானும் ஒங்க மகனுக்கு அதத்தான் வேண்டுனேன்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கிருந்துதான் அப்படிச் சிரிப்பு வந்ததோ. சிரித்தோம், அழுதோம், மறுபடி சிரித்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும், அம்மாக்களுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அருள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நர்சிங் படிக்கப்போவதாகச் சொல்கிறான். சனிக்கிழமைப் பயிற்சிக்கு இந்த வருஷம் மூன்றாவதாக ஒரு ஊரும் சேர்ந்திருக்கிறது. சுண்டல் சட்டி பெரிதாகிவிட்டது. ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி.

பிள்ளைகளுக்காக அழுதுகொண்டிருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, நம்பி மன்றாடுங்கள். மன்றாடிவிட்டுச் சும்மா இருக்காமல், பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசும் ஆசிரியர்களிடம் தைரியமாகப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் மகன் யாரை வெறுக்கிறானோ அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையும் சொல்லி வேண்டுங்கள். முதல் நாள் வாயில் வராது. எனக்கும் வரவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.